நாளைய கருவியும் இன்றைய உதிரிபாகமும்

புதுச்சேரி வட்டாரத்தில் மருந்து மூலப்பொருள்கள் தயாரிக்கும் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் நான் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன்; குடியிருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். ‘எதிர்காலத் தொழில்நுட்பம்’ என்ற அறிமுகத்தோடு எங்கள் ஆலைக்குள் வந்தவற்றில் சில உண்மையாகவே உதவின, சில உதவவில்லை. எந்தத் தொழிலிலும் அப்படித்தான் இருக்கும். அதை மட்டும் சொல்வதானால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு கருவி வந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே, அது வரப்போகிறது என்ற பேச்சைக் காட்டி, இன்று வாங்க வேண்டிய உதிரிபாகம், இன்று எடுக்க வேண்டிய ஆள், இன்று தர வேண்டிய ஊதிய உயர்வு ஆகியவை ஒவ்வொன்றாகத் தள்ளிவைக்கப்படுகின்றன. கருவி வென்றாலும் தோற்றாலும், அப்படித் தள்ளிவைக்கப்பட்டவை திரும்பி வருவதில்லை. இதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், என்னைப் போன்ற பணியாளர்களுக்கும், சிறிய அளவில் ஆலை நடத்துபவர்களுக்கும் பயன்படக்கூடும் என்று நான் கருதுபவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

2022ஆம் ஆண்டில் எல்லா ஷிப்டுகளையும் சேர்ந்தவர்களை உணவுக்கூடத்தில் கூட்டி ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரியும், கருவி விற்கும் நிறுவனத்திலிருந்து இருவரும் வந்திருந்தனர். பம்புகள், மோட்டார்கள், நீரைக் குளிரவைக்கும் கூலிங் டவர் விசிறிகள் ஆகியவற்றின் மேல் உள்ளங்கைக்குள் அடங்கும் கம்பியில்லாச் சென்சார்கள் பொருத்தப்படும். அவை அதிர்வையும் வெப்பத்தையும் அளந்து அனுப்பும். செயற்கை நுண்ணறிவு அந்த அளவுகளைப் படித்து, எந்த இயந்திரம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். இரண்டே ஆண்டுகளில் ‘பிரேக்டவுன்’ என்பதே இல்லாத ஆலையாக நாம் மாறிவிடுவோம் என்பது அவர்கள் பேச்சின் சாரம். கேள்வி நேரத்தில், இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் எங்கள் மூத்த பிட்டர் எழுந்து, “எந்தப் பம்புல சார் முதல்ல போடப் போறீங்க?” என்று கேட்டார். அதற்குப் பதிலாக, ஆலை முழுவதும் அடையப்போகும் மாற்றத்தைப் பற்றிய இன்னொரு படத்தைத் திரையில் காட்டினார்கள். வெளியே வரும்போது அவர் என்னிடம், “தம்பி, கடைசி வரைக்கும் பம்பு பேரைச் சொல்லல பாருங்க” என்றார்.

அவர் கவனித்தது மிக முக்கியமான ஒன்று. ஒரு தொழில்நுட்பம் குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தில், குறிப்பிட்ட ஒரு பழுதை, குறிப்பிட்ட தேதிக்குள் குறைக்கும் என்று சொன்னால் அதைச் சரிபார்க்க முடியும். ஆலையையே மாற்றும், பண்பாட்டையே மாற்றும் என்று சொன்னால் எந்தத் தேதியிலும் அதைப் பொய் என்று நிறுவ முடியாது. வாக்குறுதி எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு வாக்குறுதி தந்தவருக்குப் பாதுகாப்பு கூடுகிறது. எனவே, எந்த விளக்கக் கூட்டத்திலும் நான் முதலில் தேடுவது இயந்திரத்தின் பெயரையும் எண்ணையும்தான்.

அடிப்படைக் கருத்தில் பொய் எதுவும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதிர்வை அளந்து பழுதை முன்னறிவது பராமரிப்புத் துறையில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்று கெடத் தொடங்கும்போது, முதலில் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் அதன் அடையாளம் தெரியும். பிறகு சாதாரண அதிர்வு கூடும். அதன் பின் சூடு ஏறும். கடைசியாகத்தான் சத்தமும் புகையும் வரும். முதல் அடையாளத்துக்கும் முழுச் சேதத்துக்கும் இடையே பல நேரங்களில் வாரங்களோ மாதங்களோ இருக்கும். அந்த இடைவெளிதான் பராமரிப்புக்காரர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். நாங்கள் கையடக்கக் கருவியால் வாரந்தோறும் அளவெடுத்து லாக் புக்கில் எழுதிவந்தோம். எங்களிடம் உள்ள அளவிலான பல மோட்டார்களுக்கு நொடிக்கு 4.5 மில்லிமீட்டர் என்ற அதிர்வு வேகத்தைத் தாண்டினால் உடனே பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. இதையே ஒரு சென்சார் ஓயாமல் செய்தால் நன்மைதான்.

ஆனால் அந்தச் சென்சார்களும் அவற்றின் கணிப்பு முறையும் இரவுபகலாக ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரங்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. நெய்வேலி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் பெரிய இயந்திரங்கள் வாரக்கணக்கில் நிற்காமல் சுழலும். அங்கே இயல்பு நிலை எது என்பதைக் கணினி கற்றுக்கொள்ள முடியும். எங்களுடையது தொகுதி தொகுதியாக உற்பத்தி செய்யும் ஆலை. ஒரு திரவத்தைத் தொட்டியிலிருந்து வேதிவினை நடக்கும் ரியாக்டருக்கு ஏற்றும் பம்பு சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். அடுத்த முறை அதே பம்பில் வேறு அடர்த்தியுள்ள வேறொரு திரவம் போகும். மின்கலத்தைச் சேமிப்பதற்காக இடைவெளி விட்டு விழித்து அளவெடுக்கும் சென்சார், பெரும்பாலும் பம்பு நின்றிருக்கும் நேரத்தில்தான் விழிக்கும். ஓடும்போது விழித்தாலும், திரவம் மாறியதால் அதிர்வு மாறியதா, பேரிங் கெட்டதால் மாறியதா என்பதை அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. முதல் சில மாதங்களில் பொய் எச்சரிக்கைகள் ஓயாமல் வந்தன. எச்சரிக்கை ஓயாமல் வந்தால் மனிதர்கள் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இதைவிடக் கனமான சிக்கல் ஒன்று இருந்தது. மெத்தனால், டொலுயீன் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் புழங்கும் பகுதியில், சுற்றிலும் உள்ள ஆவியைப் பற்றவைக்காது என்று சான்றளிக்கப்பட்ட மின்கருவிகளை மட்டுமே பொருத்தலாம். அவர்கள் கொண்டுவந்த மாதிரிக்கு அந்தச் சான்று இல்லை. சான்று பெற்ற மாதிரி பல மடங்கு விலை என்பதால் அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆக, தீப்பற்றும் கரைப்பான்களை ஏற்றும் பம்புகளில் சென்சார் இல்லை; தண்ணீர் இறைப்பது போன்ற மற்றப் பம்புகளில் இருந்தது. தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் எத்தனை சென்சார்கள் பொருத்தப்பட்டன என்ற எண்ணிக்கை மட்டுமே இருந்தது. எந்த இயந்திரங்கள் விடுபட்டன என்ற பட்டியல் இல்லை. இப்போது யாராவது இத்தகைய திட்டத்தைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்டால், விடுபட்ட இயந்திரங்களின் பட்டியலை எழுதித் தரச் சொல்லுங்கள் என்பேன்.

ஓரிடத்தில் அது மிக நன்றாகவே உழைத்தது. கூலிங் டவரின் உச்சியில், விசிறிக்கடியில், ஈரத்துக்குள் இருக்கும் கியர்பெட்டிக்கு அருகே ஓடும்போது யாரும் போக முடியாது. அங்கே பொருத்திய சென்சார், அதிர்வு மெதுவாக ஏறிவருவதைத் தெளிவாகக் காட்டியது. திட்டமிட்டு நிறுத்தித் திறந்து பார்த்தபோது பேரிங் உண்மையிலேயே உரிந்திருந்தது. எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவது, கை எட்டாத இடம், மாற்றுப் பேரிங் கையிருப்பில் இருந்தது ஆகிய மூன்றும் அங்கே பொருந்தின. எனவே நான் சென்சாருக்கு எதிரி அல்லன்.

கையிருப்பில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, வேதனையே அதில்தான் தொடங்கியது. திட்டத்துக்கான செலவை நியாயப்படுத்தத் தயாரித்த கணக்கில், ‘பழுது எப்போது வரும் என்று முன்பே தெரிந்துவிடுவதால் உதிரிபாகக் கையிருப்பைக் குறைக்கலாம்’ என்று ஒரு வரி இருந்தது. சென்சார்கள் இன்னும் முழுமையாகப் பொருத்தப்படாத நிலையிலேயே அந்த வரி மட்டும் செயலுக்கு வந்துவிட்டது. ஸ்டோரில் தேங்கிக் கிடக்கும் பணம் என்று சொல்லி, மெதுவாக நகரும் பொருள்களுக்கான கொள்முதலை நிறுத்தினார்கள். சாதாரணப் பேரிங்குகளைப் புதுச்சேரியிலோ சென்னையிலோ ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஆனால் சூடான எண்ணெயைச் சுழற்றும் பம்பில், தண்டோரம் எண்ணெய் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் அப்படிக் கிடைக்காது. உற்பத்தியாளரிடம் சொல்லி வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து பெற வேண்டிய பொருள்.

அந்தப் பம்பின் அதிர்வு கூடுவதைச் சென்சார் சரியாகவே சொல்லியது, அதுவும் வாரக்கணக்கில் முன்பாக. நாங்கள் ஸ்டோரில் சீல் கேட்டோம், இல்லை என்றார்கள். மாற்றாக நிற்க வேண்டிய இன்னொரு பம்பின் சீலை, உதிரி கிடைக்காத வேறொரு நெருக்கடியில் ஏற்கெனவே கழற்றிப் பயன்படுத்தியிருந்தோம். அவசரக் கொள்முதலுக்குக் கையெழுத்து தலைமையகத்தில் கேட்க வேண்டும். அங்கே, கணிப்பு எவ்வளவு உறுதியானது என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போதே பம்பு கசியத் தொடங்கியது. பற்றிக்கொள்ளும் வெப்பத்தில் இருக்கும் எண்ணெய் அது. இரவு ஷிப்டில் இருந்தவர்கள் கவனமாக இருந்ததால் தீ விபத்து நேரவில்லை. உற்பத்தி பல நாள் நின்றது. மறுமாதக் கூட்டத்தில் இதே நிகழ்வு, ‘கணிப்பு முறையின் முதல் வெற்றி’ என்று படமாகக் காட்டப்பட்டது. கணிப்பு வெற்றி பெற்றது உண்மை. அதை வைத்துச் செயல்படத் தேவையான சீல், அந்தக் கணிப்பின் பெயராலேயே நிறுத்தப்பட்டிருந்தது என்பதை அந்தப் படம் சொல்லவில்லை. பழுது வரும் என்று தெரிந்துகொள்வது ஒரு வேலை. பழுதைத் தடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு உதிரிபாகம், நிறுத்திவைக்க அனுமதி, கழற்றி மாட்டத் தெரிந்த கை என்ற மூன்றும் வேண்டும். விலைப்பட்டியலில் முதல் வேலை மட்டுமே இருக்கும்.

அந்தக் கைகளுக்கும் இதே நிலைதான் ஏற்பட்டது. எங்கள் மூத்த பிட்டர் ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்களை ஆண்டுதோறும் பயிற்சியாளர்களாக எடுக்கும் வழக்கமும் அதே காலத்தில் நின்றது. ‘இனி இயந்திரமே சொல்லிவிடும்’ என்பதுதான் இரண்டுக்கும் சொன்ன காரணம். ஒரு திருகாணிக்கோலின் நுனியைப் பேரிங் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டே கிரீஸ் தீர்ந்ததா, குண்டு தேய்ந்ததா என்று அவர் பிரித்துச் சொல்வார். அதைக் கற்க ஓர் இளைஞனுக்கு அவர் பக்கத்தில் சில ஆண்டுகள் நின்றாக வேண்டும். சென்சாரைப் பத்து ஆண்டுகள் கழித்தும் வாங்கிக்கொள்ளலாம். அவர் ஓய்வு பெற்றுப் போன பின் அவர் பக்கத்தில் யாரையும் நிறுத்த முடியாது. இந்த வரிசையை மாற்றிச் செய்ததே எங்கள் ஆலை இழந்தவற்றுள் மிகப் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணிநேரத்தில் நகரில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் போனது, இணையமும் போனது. சென்சார்கள் தத்தம் மின்கலத்தில் அளந்துகொண்டுதான் இருந்தன. அவற்றின் தகவலைச் சேர்த்து அனுப்பும் பெட்டி அணைந்துவிட்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறைத் திரை, கடைசியாக வந்துசேர்ந்த அளவுகளை அப்படியே பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. தகவல் நின்றுவிட்டது என்பதைச் சொல்லும் அடையாளம் எதுவும் அதில் இல்லை. கழிவுநீர்க் குழியில் மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தபோதும் அதன் பெயருக்கு நேரே பச்சை விளக்குத்தான். டார்ச் விளக்கோடு சுற்றி வந்த ஒரு ஹெல்பர் ஓடிவந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது பட்ட அடியை நினைவில் வைத்திருந்தவர்கள், ஜெனரேட்டரையும் ஸ்டார்ட்டர் பேனல்களையும் உயரமான மேடைக்கு முன்பே மாற்றியிருந்தார்கள். எடுத்துச் செல்லக்கூடிய பம்பு ஒன்றை அந்த மேடையிலிருந்து இயக்கி, கழிவுநீர்த் தொட்டி வழியாமல் அன்றிரவு முழுவதும் காத்தது அந்த முன்யோசனைதான். கண்காணிப்புத் திரை வாங்குபவர்கள் அனைவருக்கும் நான் சொல்வது: தகவல் வராவிட்டால் திரை என்ன நிறம் காட்டும் என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவர்கள் கண்முன்னே இணைப்பைத் துண்டித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் ஆலைக்கு மட்டும் உரிய சிக்கலாக இதைக் கருத முடியவில்லை. கணினி அறிஞர் ஹெர்பர்ட் சைமன், மனிதன் செய்யும் எந்த வேலையையும் இருபது ஆண்டுகளுக்குள் இயந்திரங்கள் செய்யும் என்று 1965இல் எழுதினார். 2019 ஏப்ரலில் டெஸ்லா கார் நிறுவனத் தலைவர் ஈலோன் மஸ்க், அடுத்த ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநரில்லா வாடகைக் கார்கள் சாலையில் இருக்கும் என்று முதலீட்டாளர்களிடம் அறிவித்தார். 2025 ஜூனில்தான் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், சிறு எண்ணிக்கையிலான கார்களில், உள்ளே ஒரு கண்காணிப்பாளரை அமர்த்தி அந்தச் சேவை தொடங்கியது. இவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். முன்னேற்றமும் பொய் அன்று. பொய்த்தவை அவர்கள் சொன்ன தேதிகள். அந்தத் தேதிகளை நம்பி மற்றவர்கள் எடுக்கும் முடிவுகளுக்கு, தேதி சொன்னவர்கள் பொறுப்பேற்பதில்லை என்பதே எனக்குக் கவலை தருகிறது.

என் அக்காள் மகள் மருத்துவம் முடித்துவிட்டு மேற்படிப்புக்கான துறையைத் தேர்ந்தெடுக்கும் தறுவாயில் இருந்தபோது, “மாமா, கதிரியக்கவியல் எடுத்தால் நாளைக்கு வேலை இருக்குமா? எல்லாத்தையும் கணினியே பார்த்துடும்னு சொல்றாங்களே” என்று கேட்டாள். அவளுடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து ஆண்டுகளில் இயந்திரங்கள் அவர்களை விஞ்சிவிடும் என்று 2016இல் பேசினார். அவர் பின்னர் நோபல் பரிசு பெற்றவர். தாம் அப்போது மிகவும் பொதுப்படையாகப் பேசிவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சைக் கேட்டு உலகம் முழுவதும் பயிற்சியை நிறுத்தியிருந்தால் இன்று நோயாளிகளின் நிலை என்ன? படத்தில் ஒரு கட்டியைக் கண்டுபிடிப்பது அந்த மருத்துவர் செய்யும் வேலைகளில் ஒரு பகுதிதான். நம் ஜிப்மரில் இன்றும் அத்துறைக்கு மேற்படிப்பு இருக்கிறது. நான் அவளிடம், எந்தத் துறையில் உனக்கு ஆர்வமோ அதைப் படி, கருவி வந்தால் அதைக் கையாளும் முதல் ஆளாக நீ இரு என்றேன்.

இயந்திரம் வந்தால் வேலைச் சுமை குறையும் என்ற வாக்குறுதிக்கும் நீண்ட வரலாறு உண்டு. பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930இல், நூறு ஆண்டுகள் கழித்து மக்கள் வாரத்துக்குப் பதினைந்து மணிநேரம் வேலை செய்தால் போதும் என்று கணித்தார். அந்தக் கெடு முடிவதற்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. எங்கள் ஆலையில் நடந்தது என்னவென்றால், சென்சார் எச்சரிக்கைகள் கைப்பேசிச் செயலி வழியாக வீட்டுக்கும் வரத் தொடங்கின; விடுப்பில் இருப்பவரும் நள்ளிரவில் விழித்து ‘பார்த்தேன்’ என்று அழுத்த வேண்டும்; அழுத்தத் தாமதமானால் அது ஆண்டு மதிப்பீட்டில் ஏறும். அந்த நேரத்துக்கு ஊதியம் கிடையாது.

வேலை நேரம் எப்படிக் குறைந்தது என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த பஞ்சாலைகளில் இருந்தவை அன்றைய நவீன இயந்திரங்கள்தாம். ஆனாலும் தொழிலாளர்கள் விடியலில் போய் இருட்டில் திரும்பினார்கள். 1936 ஜூலை 30 அன்று, சவானா ஆலையில் போராடிய தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முதலானோர் நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக, அடுத்த ஆண்டே எட்டு மணிநேர வேலை இங்கே சட்டமானது. அந்த உரிமை தறிகளின் வேகம் கூடியதால் கிடைத்ததல்ல. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலையும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. முதலியார்பேட்டை வழியாக ஆலைப் பேருந்தில் போகும்போதெல்லாம், ஒரு காலத்தில் ஊருக்கே நேரம் சொன்ன அந்த ஆலைச் சங்கைப் பற்றி எங்களில் வயதானவர்கள் இளைஞர்களிடம் பேசாமல் இருப்பதில்லை.

நிறுவனப் பண்பாடு என்று சொல்லப்படுவதைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்று சுவரெங்கும் எழுதியிருக்கும். ஆனால் கிரீஸ் அடிப்பது, வடிகட்டி கழுவுவது போன்ற வேலைகளைச் செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு அந்த விளக்கக் கூட்டத்துக்கு அழைப்பு இல்லை. இயந்திரத்தின் அருகே அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள்தாம். எந்தப் பம்பு எப்போது மாறுபட்டு ஓடுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். புயல் இரவில் ஓடிவந்து சொன்ன ஹெல்பரும் கான்ட்ராக்ட் தொழிலாளர்தான்.

ஆண்டுதோறும் கருத்துக் கணிப்பு ஒன்று நடத்துவார்கள். பெயர் வெளியாகாது என்று உறுதி சொல்வார்கள். ஆனால் பிரிவு, வயது, பணியில் சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை அதிலேயே கேட்பார்கள். சிறிய பிரிவில் இந்த மூன்றும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். கையெழுத்திட்டுச் சொல்லத் துணியாத எதையும் அந்தப் படிவத்தில் எழுத வேண்டாம் என்று இளையவர்களிடம் சொல்வேன். பாதுகாப்பு பற்றிய குறைகளுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆபத்தான செயல்முறைகள் உள்ள தொழிற்சாலைகளில், தொழிலாளர் பிரதிநிதிகளையும் சேர்த்த பாதுகாப்புக் குழு அமைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பில், எந்த உதிரிபாகம் கையிருப்பில் இல்லை, அதனால் எந்த ஆபத்து என்பதை இயந்திர எண்ணோடும் தேதியோடும் பதிவு செய்யுங்கள். கருத்துக் கணிப்பில் சொன்னது காற்றோடு போகும். குழுக் குறிப்பில் ஏறியதற்கு யாராவது ஒருவர் பதில் எழுதியே தீர வேண்டும். எண்ணெய்ப் பம்பின் சீல் மீண்டும் கையிருப்புக்கு வந்தது இப்படி எழுதிய பிறகுதான்.

திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் சிலரைத் தனித்தனியாக எச்.ஆர். அறைக்கு அழைத்து, முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். இந்த இடத்தில் நம்மவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். சட்டப்படி ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வரும் ஒருவரை, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த பிறகு ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தருவதோடு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த அடிப்படை தொடர்கிறது. தாமாக விலகினால் இந்த இழப்பீடு கிடையாது. அதனால்தான் கடிதம் தயாராக இருக்கிறது. அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. “வீட்டில் கேட்டுவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்” என்று சொல்லி எழுந்துவிடுங்கள். மிரட்டல் இருந்தால் நடந்ததை அன்றிரவே தேதியோடு எழுதிவையுங்கள். தொழிலாளர் துறையில் சமரச அதிகாரி இருக்கிறார். அவரிடம் மனு கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை.

பணிக்கொடை வேறு, அது தாமாக விலகினாலும் உண்டு. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால், கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் பெறுபவர் பத்து ஆண்டு உழைத்திருந்தால் 1,50,000 ரூபாய் வரும். பணி நியமனக் கடிதம், ஊதியச் சீட்டுகள், மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றின் படிகளை வீட்டில் வைத்திருங்கள். நிறுவனத்தின் மின்னஞ்சலில் மட்டும் இருந்தால், வெளியேறும் நாளன்று கணக்கு முடக்கப்பட்டவுடன் எல்லாம் போய்விடும். பி.எஃப். பாஸ்புக்கை அரசின் உமங் கைப்பேசிச் செயலியில் அவ்வப்போது திறந்து, பிடித்தம் செய்த தொகை உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சென்சார் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, பராமரிப்புப் பிரிவின் கருத்தையும் கேட்டார்கள். நாங்கள் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். கணிப்பு சரியாக இருந்தவை, பொய் எச்சரிக்கைகள், கணிக்காமல் விட்ட பழுதுகள் என மூன்று பத்தியாகப் பிரித்து, லாக் புக்கிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இயந்திர எண்ணையும் தேதியையும் இட்டோம். எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரங்களில் மட்டும் சென்சாரை வைத்துக்கொள்வது, தகவல் நின்றால் திரை சாம்பல் நிறமாக மாறுவது, கட்டணத்தில் ஒரு பகுதியை உண்மையில் கண்டுபிடித்த பழுதுகளோடு இணைப்பது, ஒவ்வொரு முக்கியப் பம்புக்கும் ஒரு சீலை எப்போதும் ஸ்டோரில் வைத்திருப்பது, ஐ.டி.ஐ. பயிற்சியாளர்களை மீண்டும் எடுப்பது ஆகியவற்றைக் கேட்டோம். முதல் இரண்டையும் விற்பனை நிறுவனம் உடனே ஏற்றது. கட்டணத்தைப் பழுதுகளோடு இணைப்பதை மறுத்துவிட்டது. தங்கள் கணிப்பின் மேல் அவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை என்பதை அந்த மறுப்பிலிருந்து எங்கள் மேலாளரும் தெரிந்துகொண்டார், சென்சார்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தது. அப்படி மிச்சமான தொகையில் சீல்கள் வாங்கப்பட்டன. பயிற்சியாளர்களைப் பற்றிய கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு பாதுகாப்புக் குழுக் கூட்டத்திலும் அதை மீண்டும் எழுதி வருகிறோம்.